ஏழாவது பெயர்

நாகர்கோவிலுக்கா தம்பி? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். இந்தப் பையைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சிருங்க, முழங்கால்ல இடிக்கி. உள்ள ஒண்ணும் பெருசா இல்ல, ஒரு பேனா, ஒரு தண்ணிக் குப்பி, ஒரு விழா மலர். மருந்துக் கம்பெனிக்காரன் குடுத்தது. இப்பல்லாம் மாநாடுன்னா முதல்ல பை, அப்புறந்தான் மருத்துவம்.

சட்டையில தொங்குத அட்டையைத்தானே பாக்கீங்க? படிங்க, சத்தமாவே படிங்க. "டாக்டர் பூதலிங்கம், மூத்த உறுப்பினர்." உறுப்பினராம்! பொண்ணைப் பெத்தவனைக் கல்யாண மண்டபத்து வாசல்ல நிறுத்தி, நீங்க யாரு வீட்டு ஆளுன்னு கேட்டா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு எனக்கு.

தென்பாண்டி நெஞ்சக மருத்துவர் சங்கம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நல்லது, உங்க நெஞ்சு நல்லா இருக்குன்னு அர்த்தம். இன்னைக்கு அறுநூறு மெம்பரு. காலையில திருநெல்வேலியில நாப்பதாவது ஆண்டு விழா, பெரிய ஓட்டல்ல, ஏ.சி. ஹால்ல. வாசல்ல நுரையீரல் மாதிரி ரெண்டு பெரிய பலூன் ஊதி வச்சிருந்தான். ஒண்ணுல காத்து எறங்கித் தொங்கிப் போய்க் கெடந்தது. அறுநூறு நெஞ்சு டாக்டரு அதைத் தாண்டித்தான் உள்ள போறான், ஒருத்தனும் குனிஞ்சு பாக்கல. உள்ள போனா, முதல் பேச்சே 'நுரையீரல் காப்போம்'.

அந்த மலர்ல பன்னெண்டாம் பக்கம். 'சங்கத்தின் நிறுவனர்கள் எழுவர்'. ஆரம்பிச்சது ஏழு பேருதான், அதுல நான் குத்தம் சொல்லல. ஆறு பேரு சரியாத்தான் இருக்கு. அதுல அஞ்சு பேரு போய்ச் சேந்தாச்சு, மிச்சம் இருக்க ஒருத்தருக்குத் தன் பேரே ஞாபகம் இல்ல. ஏழாவது நான்தானே இருக்கணும்? ஏழாவதா என்ன பேரு போட்டிருக்கான்னு நினைக்கீங்க? சொரிமுத்து. சொரிமுத்து டாக்டரு இல்ல தம்பி. கம்பவுண்டர் கூட இல்ல. டைப்பிஸ்ட்டு!

இது இன்னைக்கு நேத்து நடந்த தப்பு இல்ல. எங்க முதல் தலைவரு ஞானதுரைன்னு ஒருத்தரு, சாகுததுக்கு முந்தி 'நினைவலைகள்'னு ஒண்ணு எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. அவரு நினைவுல யாரு யாரு அலையடிச்சாங்களோ அவுக எல்லாம் நிறுவனரு. முப்பதாவது ஆண்டு மலர்லயும் இதே பட்டியல்தான். பத்து வருசமா லெட்டர் எழுதுதேன். பதினோரு லெட்டர். பதில் ஒண்ணே ஒண்ணு: 'அத்தாட்சி இருந்தால் அனுப்பி வைக்கவும்.' நான் ஆரம்பிச்ச சங்கத்துக்கு நான் அத்தாட்சி குடுக்கணும். எனக்கு எழுபத்தெட்டு வயசு தம்பி. சொத்து சேக்கல, பெரிய ஆஸ்பத்திரி கட்டல. இந்தப் பேரு ஒண்ணுதான் மிஞ்சும்னு இருந்தேன். அது அந்தப் பக்கத்துல ஏறாமலே போயிருமோன்னு ராத்திரி தூக்கம் வராது, நெசமாத்தான் சொல்லுதேன்.

அத்தாட்சி இருந்தா ஒரே இடத்துலதான் இருக்கணும், முதல் வருசத்துக் குறிப்பு நோட்டு. அது எங்க போச்சுன்னே ஒருத்தனுக்கும் தெரியாது. போன மாசம் செயலாளர் போன் பண்ணுதாரு, "ஐயா, நோட்டு சொரிமுத்துகிட்ட இருக்காம், விழாவுக்குக் கொண்டாராராம்"னு. அதுக்காகத்தான் போனேன். இல்லன்னா அந்தக் கூட்டத்துல யாரு போயி உக்காருவா?

நான் எங்க ஆரம்பிச்சேன்... ஆமா, சங்கம் ஆரம்பிச்ச கதை. அன்னைக்கு எங்களுக்கு என்ன மரியாதைங்கீங்க? 'டி.பி. டாக்டரு'ம்பான். இருதய டாக்டரு கல்யாண வீட்டுக்குப் போனா முன்வரிசை. நாங்க போயி உக்காந்தா, பக்கத்து நாற்காலிக்காரன் மோர் குடிக்கப் போறேன்னு எந்திரிப்பான், திரும்பி வரவே மாட்டான். எனக்குப் பொண்ணு பாக்கப் போன வீட்டுல, நான் காப்பி குடிச்ச டம்ளரைப் பொண்ணோட அத்தை தனியா எடுத்துக் கவுத்து வச்சா. என் கண்ணால பாத்தேன். நோயாளியைத் தொட்டு வைத்தியம் பாக்குதவனை ஒதுக்கி வைக்க ஊரு இதுன்னு அன்னைக்கே மனசு விட்டுப்போச்சு. நமக்குன்னு ஒரு சங்கம் வேணும்னு அப்பத்தான் தோணுச்சு.

பாளையங்கோட்டையில ஒரு லாட்ஜு மாடி. ஏழு பேரு. ஞானதுரை மூத்தவரு, அதனால தலைவரு. ஆளுக்கு ஒரு சிகரெட்டு. சிரிக்காதீங்க, அந்தக் காலம் அப்படி. புகையால நுரையீரலுக்கு வரக்கூடிய கேட்டைப் பத்தி ஞானதுரை முக்கால் மணி நேரம் பேசினாரு. பேசி முடிக்கயில அவரு மூஞ்சி எங்களுக்குத் தெரியல.

சங்கத்துக்குப் பேரு வைக்க மூணு கூட்டம். 'காசநோய்'னு வச்சா ஆஸ்துமாக்காரன் வரமாட்டான்னாரு ஒருத்தரு. 'நுரையீரல்'னா கறிக்கடை ஞாபகம் வருதுன்னாரு இன்னொருத்தரு. 'நெஞ்சகம்'னு சொன்னது நான். நான்தான்! ஆனா அது எதுலயும் பதிவாகல. எழுத ஆளு இல்ல. டாக்டருக எழுதினா டாக்டருகளுக்கே விளங்காது. நாலாவது கூட்டத்துக்குத்தான் சொரிமுத்தைப் பிடிச்சோம்.

கூட்டுறவு பண்டகசாலையில டைப்பிஸ்ட்டா இருந்தான். முப்பத்தஞ்சு முப்பத்தாறு இருக்கும், ஒல்லியான ஆளு. ஞாயித்துக்கிழமை நமக்கு வருவான். சுருக்கெழுத்து, தட்டச்சு, தபால், தண்ணி கொண்டாந்து வைக்கது வரைக்கும் அவன்தான். நல்ல வேலைக்காரன், குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதையும் சுருக்கிருவான். வந்தவங்க பேரையெல்லாம் அடிக்க மாட்டான், 'அங்கத்தினர் எழுவர்'னு போட்டு முடிச்சிருவான். தீர்மானத்தை முன்மொழிஞ்சவன் பேரு மட்டுந்தான் நோட்டுல ஏறும். அப்புறம், கொஞ்சம் தொண்டை சரியில்லாத ஆளு. அதை விடுங்க.

சங்கத்தை எது வளத்ததுன்னு கேளுங்க. படம் வாசிப்பு. அதுவும் என் யோசனைதான், சொரிமுத்து வாரதுக்கு முந்தின கூட்டத்துல சொன்னது. மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, ஆளுக்கொரு எக்ஸ்ரே படம் கொண்டாரணும். நோயாளி பேரு இருக்க மூலையில பிளாஸ்திரி ஒட்டிரணும். விளக்குப் பெட்டியில மாட்டுவோம். படத்தை மட்டும் பாத்து, ஆம்பளையா பொம்பளையா, என்ன வயசு, என்ன வேலை பாக்கான், எத்தனை நாளா நோய், இன்னும் எத்தனை நாள் தாங்குவான், எல்லாத்தையும் சொல்லணும். விதி ஏழு: ஆளைப் பத்திக் கேக்கக் கூடாது, பிளாஸ்திரியை உரிக்கக் கூடாது. ஆளைக் கேட்டா எவன்தான் சொல்ல மாட்டான்? அதுல என்ன தெறமை இருக்கு?

அடடா, என்ன கூட்டம்ங்கீங்க! தென்காசியில இருந்து, திருச்செந்தூர்ல இருந்து, நோயாளியை வீட்டுல உக்கார வச்சிட்டுப் படத்தை மட்டும் தூக்கிக்கிட்டு ஓடி வருவான். ஏழு பேரு வருசக் கடைசியில அறுபது பேரு. விருதுநகர்ல இருந்து ஒருத்தரு வருவாரு, தான் கொண்டாந்த படத்தை யாராவது சரியா வாசிச்சிட்டா அடுத்த மாசம் கோவிச்சுக்கிட்டு வரமாட்டாரு. அவரைச் சமாதானம் பண்ணவே ஒரு உபகமிட்டி போட்டோம்.

இது என்ன ஊரு, நாங்குநேரியா? இன்னும் நேரம் இருக்கு.

டிசம்பர்ல முதல் ஆண்டு மாநாடு. படம் வாசிப்புல ஜெயிக்கவருக்கு வெள்ளிக் கோப்பை, அடுத்த வருசத் தலைவரும் அவருதான்னு பேச்சு. கடைசியில நானும் ஞானதுரையும் மட்டும் நிக்கோம். கடைசிப் படம் டாக்டர் அமலோற்பவம் கொண்டாந்தது. அந்த அம்மா அரசாங்க டி.பி. கிளினிக்கு, எங்க சங்கத்துலயே அன்னைக்கு ஒரே பொம்பளை டாக்டரு, சேந்து மூணு மாசம் கூட ஆகல.

ஞானதுரை முதல்ல வாசிச்சாரு. "வயதான பெண், அடுப்புப் புகை"ன்னாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நான் எந்திரிச்சேன். நிதானமா ஒரு நிமிசம் பாத்தேன். அன்னைக்கு நான் வாசிச்ச மாதிரி இந்த ஜில்லாவுல எவனும் வாசிச்சது கிடையாது, எழுதி வச்சுக்கிடுங்க. "ஆம்பளை. முப்பத்தஞ்சுக்கும் நாப்பதுக்கும் நடுவுல. உக்காந்து குனிஞ்சு வேலை பாக்குதவன், முதுகு சொல்லுது. ரெண்டு பக்கமும் மேல்பாகம் கெட்டுப்போச்சு. இடது பக்கம் ஒரு குழி, எலுமிச்சம்பழம் போகும். குறைஞ்சது ஒரு வருசமா இருமிக்கிட்டு இருக்கான்." அதோட விட்டனா? "இவன்கூட இருக்கவனெல்லாம் மனுசனா, மாடா? ஒரு வருசமா ஒருத்தன் இருமுதான், பக்கத்துல இருக்க ஒருத்தன் காதுலயுமா விழல?"ன்னேன். கைதட்டு காதைப் பிளக்கு. "ஆறு மாசம்"னேன். "அதுக்கு மேல தாங்காது."

மாநாடுங்கதால அன்னைக்குச் சொரிமுத்து மேடைக்குப் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தான். வாசிக்கதை ஒரு சொல்லு விடாம எடுத்து நடுவர்களுக்கு அடிச்சுக் குடுக்கணும். நான் கடைசியாச் சொன்ன 'ஆறு மாசம்'ங்கது வரைக்கும் விடாம எழுதினான்.

கோப்பையைக் கையில குடுத்தாச்சு. போட்டோக்காரன் 'கொஞ்சம் சிரிங்க'ங்கான். அப்ப அந்த அம்மா நேரா விளக்குப் பெட்டிகிட்ட போச்சு. நகத்தால பிளாஸ்திரியை நெமிண்டி உரிச்சுச்சு. "இதையும் வாசிங்க டாக்டர்"னுச்சு. என்ன எழுதியிருக்கு? சொரிமுத்து. ஆண். முப்பத்தாறு.

அறுபது பேரும் அவனைப் பாக்கான். அவன் என்ன பண்ணினான்னு நினைக்கீங்க? எந்திரிச்சு நின்னு, "ஐயா, நடுவர்களுக்கு எத்தனை காப்பி அடிக்கணும்?"னு கேட்டான்.

அந்த அம்மா எல்லாம் திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்கு. பத்து நாளைக்கு முந்தி அவனாவே கிளினிக்குக்குப் போயிருக்கான். 'பயப்படாத, ஒன்றரை வருசம் மருந்து சாப்பிட்டா சரியாயிரும்'னு தைரியம் சொல்லி, மருந்தும் ஆரம்பிச்சு, படத்தை எடுத்துக்கிட்டுப் போக அவன்கிட்ட சம்மதமும் வாங்கியிருக்கு. எல்லாம் முறைப்படி. ஆனா விதி ஏழு என்ன ஆச்சு? பிளாஸ்திரியை உரிச்சாச்சே! சங்கம்னா ஒரு ஒழுங்கு வேண்டாமா? நான் விடல. அங்கயே, கோப்பையைக் கையில வச்சுக்கிட்டே, அந்த அம்மா மேல கண்டனத் தீர்மானம் கொண்டாந்தேன். வழிமொழிய ஒரு கை எந்திரிக்கல. அத்தனை பேரும் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் நோட்டுல ஏறாது, அதுவும் போச்சு. தலைவர் பதவி பழையபடி ஞானதுரைக்கு. வயசான பெண், அடுப்புப் புகைன்னு வாசிச்ச ஆளுக்கு!

அடுத்த மாசத்துல இருந்து விதியையே மாத்திட்டாங்க. படத்தோட ஆளையும் கூட்டிட்டு வரணுமாம். வந்த ஆளை உக்கார வச்சு, பேரைக் கேட்டு, வீட்டுல யாரு யாருக்கு இருமல்னு கேட்டு, அப்புறந்தான் படத்தைப் பாக்கணுமாம். அது ஊரு ஊரா முகாமாச்சு, சங்கமும் வளந்துச்சுன்னு மலர்ல நாலு பக்கம் எழுதியிருக்கான். தெறமைக்குப் போட்டி வச்ச காலம் போயி சந்தைக்கடை ஆயிருச்சுன்னு நான் சொல்லுவேன். மூணு வருசம் பாத்தேன். அப்புறம் போறதைக் குறைச்சுக்கிட்டேன்.

சொரிமுத்தா? பொழைச்சுக்கிட்டான். ஒன்றரை வருசம் ஊசியும் மாத்திரையும், அந்த அம்மா ஒரு நாள் தவறவிடல. நான் சொன்ன ஆறு மாசம் தப்பாப் போச்சுன்னு நாலு பேரு கேலி பேசினான். அதுக்கு நான் என்ன செய்ய? அந்தப் படத்துக்கு ஆறு மாசந்தான், இன்னைக்கும் சொல்லுதேன். ஆளுதான் படத்துக்குத் தக்கன நடந்துக்கிடல.

வள்ளியூரு தாண்டியாச்சு. இனி இன்னைக்கு நடந்ததைச் சொல்லிருதேன்.

எனக்கு மூணாவது வரிசையில நாற்காலி. அவருக்கு மேடையில. ஆமா, சொரிமுத்துக்குத்தான். வயசு எழுபத்தாறு, கம்பு ஊனாம நடக்காரு. அஞ்சு திரி விளக்குல ஒரு திரி அவரு ஏத்தினாரு, பக்கத்துல அமலோற்பவம் அம்மா சக்கர நாற்காலியில உக்காந்து ஒரு திரி. சால்வை போட்டான். பேசச் சொன்னான். அந்த மனுசன் மஞ்சப் பையில இருந்து நோட்டை எடுத்தாரு. பழுப்பு அட்டை, நூல் வச்சுத் தச்சது. நான் நாற்காலி நுனிக்கு வந்துட்டேன்.

"ஐயாமாரே, நான் டாக்டரு இல்ல. ஏழாவது பேருன்னு என் பேரைப் போட்டிருக்கீங்க. அது என் பேரு இல்ல. பூதலிங்கம் ஐயா பேரு. ஆரம்பத்துலயே ஐயா இருந்தாவ. அது எனக்குத் தெரியும்"னாரு.

பத்து வருசம், பதினோரு லெட்டரு, ஒரு டாக்டரு வாயில இருந்து வராத சொல்லு தம்பி அது. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அப்படியே எந்திரிச்சு ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நிக்கேன். அறுநூறு பேரும் திரும்பிப் பாக்கான். பாக்கட்டுமே!

"நோட்டு முழுக்கத் தேடினேன். ஐயா பேரு ஒரு இடத்துலதான் வருது. நாலாவது கூட்டம். அதைப் படிச்சிருதேன்"னுட்டு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, அந்தக் காலத்துல படிப்பாரே, அதே மாதிரி ஏத்த இறக்கம் இல்லாமப் படிச்சாரு.

"தீர்மானம் எண் ஒன்பது. சங்க எழுத்தரின் இருமல் படம் வாசிப்புக்கு இடையூறாக இருப்பதால், இனி அவர் வெளியே வராந்தாவில் அமர்ந்து பணியாற்ற வேண்டும் என முடிவு செய்யப்பட்டது. முன்மொழிந்தவர், டாக்டர் பூதலிங்கம். ஏகமனதாக நிறைவேறியது."

படிச்சிட்டு நோட்டை மூடிட்டாரு. நான் நின்னுக்கிட்டு இருக்கேன். கையும் கூப்பினபடிக்கு இருக்கு. உக்காரணும்னு தோணல.

ஏகமனதாகன்னு இருக்கு, கவனிச்சீங்களா? நான் ஒருத்தன் மட்டும் இல்ல. ஏழு பேரும்தான் கை தூக்கினோம். மத்த ஆறு பேரும் சௌகரியமா செத்தும் மறந்தும் போயிட்டாங்க, நான் மாத்திரம் நின்னுக்கிட்டு இருக்கேன்.

செயலாளர் மைக்கைப் பிடிச்சாரு. "அத்தாட்சி கிடைத்துவிட்டது. அடுத்த பதிப்பில் ஐயாவின் பெயர் ஏழாவதாக இடம்பெறும். அந்தப் பக்கத்தையும் அப்படியே படம் எடுத்து அருகில் வெளியிடுவோம்"னாரு. கை தட்டினான். எதுக்குத் தட்டுதான்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. கேட்டது கிடைச்சாச்சு. பேரு ஏறியாச்சு.

அதோட போயிருந்தாக் கூட இருந்து சாப்பிட்டுத்தான் வந்திருப்பேன் தம்பி. அவரு மேடையை விட்டு இறங்கி வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. கையைப் பிடிச்சாரு. என் காதுல மெதுவா, "ஐயா, உள்ள ஒரே சிகரெட்டுப் புகை. வராந்தாவுல நல்ல வேப்பங்காத்து. அதுலதான் நான் தாக்குப் பிடிச்சேன். பூதலிங்கம் ஐயாதான் என்னைக் காத்தாட உக்கார வச்சாவன்னு வீட்டுல இன்னைக்கும் சொல்லுவேன். பேரப்பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும்"னாரு.

கேலி பண்ணல தம்பி. அந்த முகத்தைப் பாத்தேனே, நாப்பது வருசமா நெசமாவே அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்திருக்காரு. திட்டியிருந்தா நானும் நாலு சொல்லு சொல்லியிருப்பேன். கையைப் பிடிச்சிக்கிட்டு இருக்க மனுசன்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல? அந்தப் பக்கம் இலை போட்டுக்கிட்டு இருந்தான். கையை உருவிக்கிட்டு வந்து பஸ்ஸு ஏறிட்டேன்.

நான் காத்துக்காகச் சொல்லல தம்பி. எனக்கு அந்த இருமல் கேட்டுச்சு. முதல் நாள்ல இருந்தே நல்லாக் கேட்டுச்சு.